ஈரலுக்கு நல்ல தேத்தண்ணி

அன்று சுவிஸின் ஊஸ்டரில், நான் வேலை செய்த உணவகத்தின் சமையலறையில் மூன்று பேர்தான் இருந்தோம்: முதலாளியின் தாய், என்னோடு கோப்பை கழுவும் அண்ணை, நான். எண்பதுகளின் நடுப்பகுதி. நித்திரையில்லாமல் என் முகம் மஞ்சளடித்துப் போயிருந்தது. அதைப் பார்த்த முதலாளியின் தாய், புல்வெளியில் மஞ்சளாகப் பூக்கிற லோவன்சான் என்ற செடியின் வேரை வறுத்து, அவித்து, கப்பில் கொண்டுவந்து நீட்டினார்.

"ஈரலுக்கு நல்லதாம். குடி," என்று மொழிபெயர்த்தார் அண்ணை.

"எனக்கு ஈரலில ஒண்டுமில்லையெண்டு சொல்லுங்கோ அண்ணை." செங்கண்மாரி, அதாவது மஞ்சள் காமாலை, என்று நினைத்துவிட்டால் சமையலறையில் வைத்திருப்பார்களோ என்று பயந்தேன்.

"நீ குடிக்காட்டித்தான் சந்தேகப்படுவினம்."

பாவற்காய் அவித்த தண்ணீரில் கருகிய கோப்பித்தூளைப் போட்டதுபோல் கைத்தது. மருந்தை மிச்சம் விடக்கூடாது என்று வளர்ந்தவன் நான். ஒரே மடக்கில் குடித்தேன். வெறும் கப்பைக் கண்ட முதலாளியின் தாய், எனக்கு விருப்பமாக்கும் என்று சிரித்தபடி திரும்ப நிரப்பினார். மூன்றாவது கப்போடு என்னால் நிற்க முடியவில்லை. கழிப்பறைக்கும் கழுவும் தொட்டிக்குமாக ஓடினேன்.

"மூத்திரமும் போக்குமாம். அதைச் சொல்ல மறந்திட்டன்," என்று அண்ணை சிரித்தார்.

அடுத்த நாளும் கப் வந்தது. வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். வேலை போனால், என்னை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரனுக்கு எதைக் கொடுப்பது? இன்னும் இரண்டாயிரத்து நானூறு பிராங்க் பாக்கி.