டிரம்முக்குள் எரிந்த பல்பு

புதுப்பித்து வந்த அப்பாவின் டிரம் செட்டை நான் முதலில் தட்டிப் பார்க்கவில்லை, மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். ஐம்பத்து மூன்று வயதில் பெரிய டிரம்மின் பக்கவாட்டில் மூக்கை வைத்து மண்டியிட்டிருந்த என்னைப் பார்த்து என் மனைவிகூடச் சிரிக்கவில்லை. எதிர் பிளாட்காரர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று வாசல் கதவைத்தான் சாத்தினாள். டிரம்மில் கார் பாலிஷ் வாசனை அடித்தது. அடிக்க வேண்டியதோ சூடான தோல் வாசனை.

அந்த வாசனைக்குக் காரணம் ஒரு பல்பு. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அப்பாவுக்குப் பகலில் பை தைக்கும் பட்டறையில் வேலை, கல்யாண நாட்களில் மாலையானால் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ். அந்தக் காலத்து டிரம்முக்குக் கன்றுத் தோல். பம்பாய் மழைக்கு அது ஈரத்தைக் குடித்துத் தொளதொளத்துவிடும். அதனால் அப்பா பெரிய டிரம்மின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே ஹோல்டர் வைத்து அறுபது வாட் பல்பு மாட்டியிருந்தார். "ஏல, பல்ப போடு. தோலுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பார். எனக்குச் சளி பிடித்தபோது அவரிடம் இந்த அவசரத்தைக் கண்டதில்லை. அறை மூலையில் டிரம், அறுத்து வைத்த பப்பாளி மாதிரி மஞ்சளாக எரியும். அம்மா அதன் மேல் எங்கள் சாக்ஸைக் காயப் போடுவாள். அந்த வெளிச்சத்தில் அக்காவும் நானும் படித்தோம். அதாவது, அக்கா படித்தாள்.

ஒரு மழைக்காலத்தில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் நாங்கள் குளிக்கிற மோரியில் பல்பு ஃபியூஸ் போனது. இருட்டில் குளிக்கப் பயந்து டிரம் பல்பைக் கழற்றி அங்கே மாட்டினேன். திருப்பி மாட்ட மறந்தேன். மறுநாள் மாலை மாதுங்காவில் ரிசப்ஷன். நாங்களும் சாப்பாட்டுக்காகப் போயிருந்தோம். முதல் பாட்டிலேயே பெரிய டிரம், நனைந்த தலையணையை அடித்த மாதிரி 'தொப்' என்றது. அப்பா டிரம்மைத் தூக்கிக்கொண்டு நேரே மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போனார். குற்றவாளி நானும் பின்னாலேயே போனேன். தோசைக்கல் அடுப்புக்கு எதிரே தோலைக் காட்டிப் பிடித்தார்.

"என்ன ஓய், இதுக்கும் சட்னி வைக்கவா?" என்றார் சமையல்காரர்.

அப்பா அவரைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "பல்ப நீதான எடுத்த?"

"மோரில இருட்டா இருந்துச்சுப்பா."

"இருட்டுனா பாடிக்கிட்டே குளிக்கணும்ல. பல்ப எடுக்கக் கூடாது."

அடி விழவில்லை. தோல் காயும்வரை மேடையில் பாடகர் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்தே கால் மணி நேரம் ஓட்டினார்.

அப்பா போன பிறகு பரணில் கிடந்த செட்டை, செம்பூரில் வாத்தியங்கள் பழுதுபார்க்கும் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் இளைஞர், தமிழர். செய்யப்போகும் வேலைகளைப் பதினோரு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் அப்போது குர்லாவில் ரயில் மாறிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, மறு கையில் போன், முதுகில் யாரோ ஒருவரின் டிபன் பை. படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைத் தட்டிவிட்டேன். செட் வீட்டுக்கு வந்து, மோந்து பார்த்த பிறகுதான் அதைத் திறந்து படித்தேன். ஏழாவது வரி: பழைய தோல் நீக்கம். எட்டாவது வரி: தேவையற்ற வயரிங் நீக்கம், ஓட்டை அடைப்பு.

தேவையற்ற வயரிங். எழுதும்போதே காது சுடுகிறது.

கடைக்கு ஓடினேன். ஆட்டோவில் வழியெல்லாம் ஹைகோர்ட் வக்கீல் மாதிரி வசனம் தயாரித்தேன். கடை வாசலில் இறங்கியதுமே எல்லாம் மறந்துபோனது.

"தோல் எங்க?"

"குப்பையில போட்டாச்சு, கச்ரா வண்டி திங்கக்கிழமையே எடுத்துட்டுப் போயிருச்சு அங்கிள். அது கிழிஞ்சுதான் கிடந்துச்சு."

"பல்ப் ஹோல்டர்?"

"அதுவும்தான். கரண்ட் அடிச்சிரும் அங்கிள். நீங்கதான தம்ஸ்அப் போட்டீங்க?" என்று போனைத் திருப்பிக் காட்டினார். என் கட்டைவிரல் மஞ்சளாக, படு சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தது.

ஒரு டிரம்முக்குள் ஏன் பல்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாதா இந்தக் காலத்துக்கு? கேட்டிருந்தால் அரைமணி நேரம் சொல்லியிருப்பேனே. ஒருவேளை அதற்குப் பயந்துதான் கேட்கவில்லையோ என்னவோ. ஆனால் அவரையே எவ்வளவு திட்டுவது? அப்பா ஒவ்வொரு மழையிலும் காப்பாற்றி வைத்ததை, ரயில் மாறுகிற நேரத்தில் தூக்கிக் கொடுத்தவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஐரோலியிலிருந்து அக்கா வந்தாள். நல்ல மழை. பெடலை மிதித்தேன். பிளாஸ்டிக் தோல் 'டும்' என்று சுத்தமாக அதிர்ந்தது.

"நல்லாத்தாம்ல இருக்கு" என்றாள். பிறகு எழுந்துபோய் ஜன்னலை முழுவதும் திறந்துவிட்டாள். சாரல் டிரம் மேலேயே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அடி" என்றாள்.

அதே டும்.

"இதுக்கு ஒண்ணுமே ஆகாது, என்ன?"

"ஆகாது."

ஜன்னலைச் சாத்த இருவரும் எழவில்லை. மழை பிடித்தால் தாராவி வீட்டில் எங்களில் யாராவது ஒருவர் எழுந்து, பல்பைப் போட அந்த மூலைக்கு ஓடுவோம். இனி ஓட வேண்டியதில்லை.