திரையின் நல்ல பக்கம்

புது வீட்டு ஜன்னல்களுக்குத் திரை தைக்க வேண்டும் என்று போன வாரம் ஒரு பெண்ணை வரச்சொல்லியிருந்தோம். சாம்பிள் புத்தகத்தோடு வந்தாள். புத்தகம் என்றால் படிக்கிற புத்தகம் இல்லை. கையகலத் துணிகளை அடுக்கி, ஓரத்தைச் சேர்த்துத் தைத்து, மேலே கெட்டி அட்டை போட்டது. மடியில் வைத்து அவள் அதைத் திறந்ததும் புதுத்துணி வாசம் குப்பென்று வந்தது. கஞ்சியும் சாயமும் கலந்த வாசம். எல்லோருக்கும் அது பண்டிகையை நினைவுபடுத்துமாம். எனக்கு அப்படி இல்லை. ஏன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

"மேடம், இது டபுள் சைட் பிரிண்ட். உள்ள இருந்து பாத்தாலும் வெளிய இருந்து பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்" என்று ஒரு துணியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். உண்மைதான். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று சொல்லவே முடியவில்லை. நானும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கணவர் வழக்கம்போல, "அவளே செலக்ட் பண்ணுவா. கலர் விஷயத்துல எங்க வூட்ல அவதான் எல்லாம். பொண்ணு பாக்கப் போனப்பவே எங்கம்மா கண்டுபுடிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கும் கலருக்கும் உள்ள உறவு என் பீரோவைத் திறந்தால் தெரிந்துவிடும். காப்பிப்பொடி நிறத்தில் ஒரு புடவை, அதில் கொஞ்சம் பால் ஊற்றிய நிறத்தில் ஒன்று, இன்னும் கொஞ்சம் பால் ஊற்றிய நிறத்தில் இன்னொன்று. அவ்வளவுதான் என் ரசனை. அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், காலடிப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டின் நடுவில் தொங்கிய ஒரு திரையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு கூடம், ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வந்துவிட வேண்டிய ஓர் அடுப்படி. மேற்கிலிருந்து காற்றடித்தால் மணலித் தொழிற்சாலைப் புகை வாசம், கிழக்கிலிருந்து அடித்தால் கருவாட்டு வாசம். இரண்டும் வராத நாளில் நைனா, அதாவது எங்கள் அப்பா, வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, "இன்னாடா இது, ஒண்ணுமே வர்ல" என்று சந்தேகப்படுவார். கடல் வேண்டாம் என்று தொழிற்சாலைக்குப் போன மனுஷர் அவர். ஆனால் அண்ணனுக்குப் பெண் எடுத்தது கடற்கரையில்தான். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துப் பெண். பெயர் தேசம்மா. அந்தப் பக்கம் நின்று "தேசம்மா" என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து திரும்பிப் பார்ப்பார்கள்.

கல்யாணம் ஆனதும் கூடத்தைக் குறுக்கே பிரிக்க வேண்டியிருந்தது. எதிரெதிர்ச் சுவரில் ஆணியடித்து, கம்பி கட்டி, அம்மா தன் பழைய நூல் புடவையை அதில் போட்டாள். அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும், இந்தப் பக்கம் அம்மாவும் நானும். நைனா வாசல் நடையில் படுத்துக்கொள்வார். அரிசி டின்னும் பீரோவும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதால், எது எடுக்கப் போனாலும் திரைக்கு முன்னால் நின்று ஒரு முறை இருமிவிட்டுப் போக வேண்டும் என்பது தானாகவே ஏற்பட்ட சட்டம். அம்மாவின் இருமல் அதட்டலாக இருக்கும். என்னுடையது மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும். நிஜமாகவே சளி பிடித்து இருமினால் உள்ளேயிருந்து அண்ணன், "வா, வா" என்பான்.

வந்த சில நாளிலேயே அண்ணி சொல்லிவிட்டாள். "அத்த, உன் பொடவைக்குப் பின்னால தூங்கறது நீயே நடுவுல நின்னுகினு கீற மாதிரி கீது." அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரைக்குத் துணி வாங்க அண்ணியோடு என்னை எம்.சி. ரோட்டுக்கு அனுப்பினாள்.

அண்ணியோடு துணிக்கடைக்குப் போவது ஒரு ரோதனை. உட்கார மாட்டாள். துணியைக் கைமேல் போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு ஓடுவாள், வெயிலில் பார்ப்பாள், திரும்ப உள்ளே வந்து ட்யூப்லைட்டுக்குக் கீழே பார்ப்பாள். கசக்கிப் பார்ப்பாள். கடைக்காரர் கடல்நீலத்தில் அலை அலையாகப் போட்ட துணியை எடுத்து விரித்தார். "நீலம் வேணா அண்ணாத்த. பொறந்ததுலேந்து அதத்தான் பாத்துகினு கீறேன்" என்றாள். பூ வேண்டாம், கட்டம் வேண்டாம், கோடு போட்டால் ஜெயில் மாதிரி இருக்கும். கடைக்காரர் பொறுமை போய், "எல்லாம் துணிதாம்மா, எதுனா ஒண்ணு எடு" என்றார். அண்ணிக்கு மூக்குச் சிவந்துவிட்டது. "எதுனா ஒண்ணுன்றத வவுத்துக்குச் சொல்லு, கேட்டுக்கும். கண்ணு கேக்காது."

கடைசியில் அடித்தட்டிலிருந்து அவளே உருவி எடுத்தாள். நல்ல எலுமிச்சை மஞ்சள். அதில் கீழிருந்து மேலே ஏறுகிற பச்சைக்கொடி. இலைகள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. "சோக்கா கீதில்ல?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அழுக்குத் தெரியுமே என்றேன். எங்கள் பக்கத்தில் ஒரு நாள் துடைக்காமல் விட்டால் ஜன்னல் கட்டையில் விரலால் பேர் எழுதலாம். "தெரிஞ்சா தோச்சிக்கலாம். அழுக்குக்குப் பயந்துகினு அழுக்குக் கலர்லயே வாழ்வாங்களா?" என்றாள். அவள் என் புடவையைப் பார்த்துச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

துணி வீட்டுக்கு வந்து, தைத்து, கம்பியில் ஏறிய அன்றுதான் பிரச்சினை தெரிந்தது. அச்சு ஒரு பக்கம்தான். பின்பக்கம் மஞ்சள் வெளிறி, இலைகள் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி சாம்பல் நிழலாகத் தெரிந்தன. கடையில் வெயிலையும் ட்யூப்லைட்டையும் காட்டிப் பார்த்தவள் பின்பக்கத்தை மட்டும் பார்க்க மறந்துவிட்டாள். நல்ல பக்கம் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. அம்மா அதை வாசலைப் பார்க்க மாட்டினாள்.

அம்மா கெட்டவள் இல்லை. ஒரு வீட்டில் ஒரே ஒரு நல்ல பொருள் இருந்தால் அது வாசலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. எங்கள் வீட்டில் கால் ஆடாத நாற்காலி வாசலுக்கு நேராக இருக்கும். காரை பெயர்ந்த இடத்தில் காலண்டர் தொங்கும். நெளிந்த சொம்பின் நெளிவு சுவரைப் பார்த்து இருக்கும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வருகிறவர்களுக்கு முன்பக்கம், வாழ்கிறவர்களுக்குப் பின்பக்கம். அதில் தப்பு இருப்பதாக எனக்கும் அப்போது தோன்றவில்லை.

அண்ணி அவ்வப்போது கூடத்துக்கு வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டுப் போவாள். "இன்னா, சினிமாவா ஓடுது?" என்று அண்ணன் கிண்டல் செய்வான். "என் துணி. நான் விருந்தாளி மாதிரி வந்து பாத்துட்டுப் போறேன்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அவளுக்கு நாள் தள்ளிப்போனது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கொஞ்ச நாளிலேயே உதிரம் பட ஆரம்பித்து, டாக்டரம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். நல்ல கோடை. வீட்டில் இருந்த ஒரே ஃபேன் கூடத்தின் நடுவில், திரைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இருந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சோறு கொண்டுபோகும்போது இருமிவிட்டு உள்ளே போவேன். அண்ணி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். "அத்த, கொழந்த பொறக்கற வரைக்கும் மட்டும் இத்த திருப்பிப் போட்டுக்கட்டுமா? ஒரு பக்கம் செவுரு, ஒரு பக்கம் இந்தச் சாம்பலு. பாத்துகினே கெடந்தா ஒரு மாதிரி கீது."

கம்பியை ஆணியிலிருந்து கழற்றித் திரையை மாற்றிக் கோத்து மாட்டினால் முடிந்தது. ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. "வந்துட்டுப் போவட்டும்டி. வரவங்க அழுக்குத் துணின்னு நெனச்சுக்குவாங்க. அப்பால நானே திருப்பிப் போடறேன்" என்றாள் அம்மா. அண்ணி சரி என்றாள். அந்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. உறவில் ஒரு சாவு. அடுத்த ஞாயிறு என்றார்கள். அதுவும் தள்ளிப்போனது. திரை அப்படியே வாசலைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி மறுபடி கேட்கவே இல்லை. ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்கிற ஜாதி இல்லை அவள்.

ஒருவழியாக வந்தார்கள். மருமகளுக்கு உடம்பு முடியவில்லை, உள்ளே படுத்திருக்கிறாள் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் காப்பிப்பொடி நிறப் புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்ததைவிடத் திரையைத்தான் அதிகம் பார்த்தார். எழுந்துபோய்த் தொட்டே பார்த்தார். "துணி ரொம்ப லட்சணமா கீதே, யாரு எடுத்தது?"

"எம் பொண்ணுதான். கலருன்னா அவளுக்கு உசுரு" என்றாள் அம்மா, யோசிக்கவே இல்லை.

திரைக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் அண்ணி படுத்திருந்தாள். அந்த அம்மாள் துணியை விரலால் தடவியதுகூட அவளுக்கு அந்தப் பக்கத்தில் தெரிந்திருக்கும். நான் இருமலாமா என்று நினைத்தேன். எதற்கு இருமுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். எல்லோரும் போனபிறகு உள்ளே போனேன். "இன்னா நாத்தனாரே, நல்லாத்தான் எடுத்துகீற" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினாள். சிரித்தாள். அதுதான் அவள் என்னைக் கடைசியாகச் சீண்டியது.

அன்று சாயங்காலம் சம்மதம் என்று ஆள் வந்து சொன்ன சந்தோஷத்தில் திரையை யாரும் நினைக்கவில்லை. மறுநாள் விடியும் முன்பே அண்ணிக்கு வலி எடுத்து ஆட்டோவில் கொண்டுபோனார்கள். குழந்தை தங்கவில்லை. திரையைத் திருப்பிப் போட்டிருந்தால் தங்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. துணிக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்த நாட்களில் அவள் கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் பச்சை இருந்திருக்கலாம். அதை மட்டும் என்னால் இன்றும் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிவரும் நாள் காலையில் அம்மா யாரிடமும் சொல்லாமல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கம்பியைக் கழற்றினாள். மஞ்சளும் பச்சையும் உள்பக்கம் போயின. கூடம் சட்டென்று வெளிறிப்போய்விட்டது. அண்ணி வந்தாள், யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்தாள். அம்மா திரைக்கு முன்னால் நின்று இருமினாள். அதட்டல் இருமல் இல்லை, என்னுடையது மாதிரி இருந்தது.

"தேசம்மா, திருப்பிப் போட்டுகீறேன். பாரும்மா."

அம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

அம்மா அதன்பிறகு திரையை மாற்றவே இல்லை. துவைத்துப் போட்டாலும் வெளிறிய பக்கம்தான் வாசலைப் பார்க்கும். என் கல்யாணத்துக்கு வந்தவர்கள், "இன்னாமே, துணிய மாத்திப் போட்டுகீற?" என்று கேட்டார்கள். "அது அப்படித்தான்" என்றாள் அம்மா. வாழ்நாளெல்லாம் வாசலுக்காக வாழ்ந்தவள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாசலை மறந்தாள். அண்ணிக்கு அதன்பிறகு பிள்ளை இல்லை.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். நைனா போனார், அம்மா போனாள். அண்ணனும் அண்ணியும் எர்ணாவூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். அந்த சாம்பிள் புத்தகத்தை அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நேற்று அங்கே போனேன்.

படுக்கைக்கு என்று தனி அறை, தாழ்ப்பாள் வைத்த கதவு. நான் பழக்கதோஷத்தில் வாசற்படியில் நின்று இருமினேன். "கதவுதான் தெறந்து கீதே" என்றாள் அண்ணி. ஜன்னலுக்குத் திரை இல்லை. வெயிலுக்குக் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அவள் கட்டியிருந்த புடவை கிட்டத்தட்ட என் காப்பிப்பொடி நிறம்.

புத்தகத்தை அவள் மடியில் வைத்து, "நீ எடுத்துக் குடு அண்ணி. எனக்கு எங்க தெரியும்?" என்றேன். ஒவ்வொரு துணியாகத் தள்ளினாள். மஞ்சளும் வந்தது, இலை போட்டதும் வந்தது. கை நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் புரட்டிப் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். அந்த டபுள் சைட் துணி வந்தபோது கொஞ்சம் நிறுத்தி இரண்டு பக்கமும் தடவினாள்.

"இப்பல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணா வருதா?" என்றாள்.

"வருது அண்ணி. எந்தக் கலர்ல எடுக்கட்டும்?"

புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தாள். "எல்லாம் துணிதான். எதுனா ஒண்ணு எடும்மே" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனாள்.

வீடு போனது, தெரு மாறியது, திரை எந்த மூட்டையில் கட்டிப் போனதோ. அதெல்லாம் எல்லோருக்கும் நடக்கிறதுதான். துணியைக் கைமேல் போட்டுக்கொண்டு எம்.சி. ரோட்டு வெயிலுக்கு ஓடிய அந்தப் பெண்ணைத்தான் எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.