கிள்ளான் வீட்டில் இரண்டு குடுவைச் செடிகள்

கல்யாணமாகி மலாயாவில் கிள்ளானுக்கு வந்த இரண்டாம் வருஷம், நில அளவை ஆபீசில் வேலை பார்த்த என் கணவர் மலைக்காட்டிலிருந்து ஒரு செடி கொண்டுவந்தார். இலை நுனி கொடியாக நீண்டு, அதன் முனையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் குடுவை தொங்கியது. உள்ளே தண்ணீரில் எறும்புகள் செத்துக் கிடந்தன.

"பூச்சியைப் பிடிச்சுத் தின்னுமாம். உனக்குத்தான்" என்றார்.

"எனக்குக் கொண்டுவர வேற ஒண்ணும் கிடைக்கலையா உங்களுக்கு?"

அப்படிக் கேட்டேனே தவிர, மறுநாள் அவர் எழுவதற்கு முன்பே போய்ப் பார்த்தேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வெளியே சதுப்பு நிலம் அளக்கப் போனவர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். இது வயிறு பெருத்தது. பச்சையில் கருஞ்சிவப்புத் திட்டுகள், முன்பக்கம் இரண்டு சிறகுகள். ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கும்.

இரண்டையும் பின்வாசல் கூரையடியில் தொங்கவிட்டு, ரோஜாவுக்குப் போடுவதுபோல் ஆட்டெரு போட்டேன். இலைகள் தழைத்தன. இருந்த குடுவைகள் காய்ந்தன, புதிதாக ஒன்றும் வரவில்லை. பலகாரம் விற்க வரும் மலாய்க்கார அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார்.

"நீயே சோறு ஊட்டிட்டே. அப்புறம் அது ஏன் சட்டி வைக்கும்?" என்று மலாயில் கேட்டார்.

எருவைக் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரும் அடுப்புக்கரியும் போட்டு, மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். சில மாதங்களில் சதுப்புச் செடி ஆறு குடுவை விட்டது. மலைச் செடிக்கு மட்டும் இலை முனையில் பயறளவு மொட்டு வந்து கருகிவிடும்.

"அங்கே ராத்திரியில போர்வை இல்லாம படுக்க முடியாது. இந்தப் புழுக்கத்துல அது என்ன செய்யும்?" என்றார் கணவர். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டிப் பார்த்தேன். பயனில்லை.

அப்போது ஊரெல்லாம் மலேரியா பயம். சுகாதார இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து, தண்ணீர் தேங்கிய சிரட்டையைக்கூட விடாமல் கவிழ்ப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் குடுவை ஒன்றைச் சாய்த்துப் பீங்கான் தட்டில் ஊற்றினார். புழுக்கள் நெளிந்தன.

"பூச்சி தின்னுற செடிக்குள்ள நுளம்பு வளர்க்கிறியள், தங்கச்சி. எல்லாத்தையும் ஊத்திப் போடுங்கோ."

"ஊத்தினா குடுவை காஞ்சிடும் சார். இது காய்ச்சல் கொசுதானான்னு பார்த்துட்டுச் சொல்லுங்களேன்."

அந்நிய ஆணிடம் அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. அவர் என்னையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, புழுக்களை ஒரு சீசாவில் எடுத்துக்கொண்டு போனார்.

எட்டு நாள் கழித்து வந்தார். "காய்ச்சல் நுளம்பு இல்லை. இது இந்தக் குடுவைக்குள்ள சீவிக்கிற சாதி. எண்டாலும் சட்டம் சட்டம்தானே. வாயில பஞ்சு வையுங்கோ."

"பஞ்சு வெச்சா எறும்பு எப்படி சார் விழும்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, பகல்ல எடுத்துவிடுங்கோ. பொழுதுபட முதல் வைச்சால் போதும்."

சதுப்புச் செடிக்குப் பல வருஷம் அப்படியே செய்தேன்.

மலைச் செடியை அந்த வருஷமே, அடுத்த மலைப் பயணத்தில் கணவரிடமே கொடுத்தனுப்பினேன். கூடாரம் போட்ட இடத்துக்கருகே நட்டுவிட்டு வந்தார். சில மாதம் கழித்து மறுபடி அங்கே போய்த் திரும்பியவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "மூணு குடுவை விட்டிருக்கு!"

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. என்னிடம் ஒன்றரை வருஷம் இருந்ததே, ஒன்றாவது விட்டிருக்கக் கூடாதா?