பிச்சம்மாளுக்குக் கண் வரைந்த மத்தியானம்

இறந்தவர்களுக்குக் கண் திறந்துவிடுவதுதான் என் மனைவி ஜோதிலட்சுமியின் தொழில். எங்கள் பக்கம் வயசானவர்கள் பலருக்கு ஒழுங்கான போட்டோ இருக்காது. மூச்சு நின்றபின் நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, செல்போனில் எடுத்ததைத் தென்காசியில் எங்கள் கடைக்குக் கொண்டுவருவார்கள். அவள் அந்த மூடிய இமைமேல் கண்களை வரைவாள். நான் பிரிண்ட் எடுத்து பிரேம் போடுவேன்.

மவுஸில் வரைந்த காலத்தில் நிம்மதியாக இருந்தாள். டேப்லெட் வந்ததிலிருந்து எரிந்து விழுகிறாள். திரையில் இரண்டு விரல் பட்டால் கடைசியாகப் போட்ட கோடு போய்விடும். விரலை எடுக்காமல் வைத்திருந்தால் ஒவ்வொன்றாக எல்லாமே போகும். மூன்று விரல் வைத்தால் திரும்ப வரும். எவன் கண்டுபிடித்த கூத்தோ! படத்தைப் பெரிதாக்கப் போனால் புருவம் காணாமல் போகிறது. சாரல் மாதங்களில் விரல் ஈரம் வேறு. அந்த வசதியை நிறுத்திவிடலாம்தான். நிறுத்தினால் தப்புக் கோட்டை அழிக்க மெனுவைத் தேடவேண்டும், அதற்கும் திட்டு எனக்குத்தான்.

போன ஆடியில் ஒரு மத்தியானம் வீரபாகு அண்ணாச்சி வந்தார். சுந்தரபாண்டியபுரத்துக்காரர், சீசனில் குற்றாலத்துக்கு வேன் ஓட்டுகிறவர். அவருடைய அம்மா பிச்சம்மாளுக்கு மறுநாள் பதினாறாம் நாள்.

“அம்மை என்னையப் பாக்க மாரி இருக்கணும் தங்கச்சி. அது ஒண்ணு போதும்,” என்றார்.

இரண்டு மணி நேரம் வரைந்தாள். அவளுக்கே திருப்தியாக வந்திருந்தது. “வந்து பாருங்க அண்ணாச்சி,” என்று கூப்பிட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, திரையிலிருந்த இரண்டு கண்கள்மேலும் மெதுவாக வைத்தார். விரல்களுக்கு அடியில் இமைமயிர்கள் போயின, கருமணி போனது, வெள்ளை போனது. இமைகள் மூடிக்கொண்டன.

“ஐயோ, கைய எடுங்க!” ஜோதிலட்சுமி மூன்று விரலை ஊன்றினாள். முதலில் வெள்ளை, அப்புறம் கருமணி. பிச்சம்மாள் மெல்லக் கண் விழித்தாள். பட்டப்பகலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவர் விரல்கள் மறுபடியும் திரைக்குப் போயின. கண்கள் மூடின. அவள் மறுபடியும் திறந்தாள்.

“தொட்டாப் போயிரும்னு சொல்லுதேன்லா அண்ணாச்சி? உங்களுக்கு என்ன செய்யுது?”

அவர் தன் விரல்களையே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“அம்மைக்கு இழுத்துக்கிட்டு இருக்குன்னு போன் வந்துச்சு. ரெண்டு டிரிப்ப முடிச்சிட்டுத்தான் போனேன். போனப்ப மூச்சு இல்ல. கண்ணு மட்டும் வாசலப் பாத்துத் தொறந்து கெடந்துது. இந்த மாரித்தான் மூடினேன். கைய எடுத்ததும் இந்த மாரியே மெதுவாத் தொறந்துது. கருமணி என் பக்கம் திரும்பிச்சு தங்கச்சி. சத்தியமாத் திரும்பிச்சு. பயந்துபோயி அழுத்தி மூடிட்டேன். யார்ட்டயும் சொல்லல.”

அவர் கை மூன்றாம் தடவையாகத் திரையை நோக்கி நீண்டது. இந்த முறை ஜோதிலட்சுமி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. பாக்கட்டும்.”

வீரபாகு கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தைத்தான் திருப்பிக்கொண்டார்.