நாற்பத்தைந்து துண்டுகள்

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குக் கோபமே வராது. இருபது வருஷமாகக் கத்தரிப்பதுதானே பிழைப்பு! ரத்தத்தில் உள்ள ஒரு செல் இரண்டாகப் பிரியப்போகிற நேரம் பார்த்து மருந்து போட்டு நிறுத்தி, சாயம் ஏற்றி, பெரிதாகப் படம் பிடிப்பார்கள். அதில் சிதறிக் கிடக்கும் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக நறுக்கி, ஜோடி சேர்த்து, அட்டையில் ஒட்டுவது அவள் வேலை. மொத்தம் நாற்பத்தாறு. மின்விசிறியைப் போடவே விடமாட்டாள்; ஒரு துண்டு பறந்தாலும் போச்சு.

நுண்ணோக்கியில் குனிந்துவிட்டால் அவள் இந்த உலகத்திலேயே இருக்கமாட்டாள். இளம் ஊதா வெளிச்சம். அதில் வரிவரியாய்க் கோடு போட்ட இரட்டை இழைகள். இழைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இடத்தை அவள் இடுப்பு என்பாள். சிலவற்றுக்கு இடுப்பு நட்டநடுவில். மேலும் கீழும் கைகள் சமம். சிலவற்றுக்கு அது மேலே ஏறி, ஒரு கை குட்டை, ஒரு கை நெட்டை. இன்னும் சிலவற்றுக்கு உச்சந்தலையை ஒட்டியே இடுப்பு. அதற்கு மேலே பொட்டளவுதான் மிச்சம். ஜோடி தேடும்போது அவை தாமாகவே மிதந்து வருவதாக அவளுக்குத் தோன்றும். தோன்றட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அன்றைக்கு அவள் கையில் இருந்தது சொந்த அண்ணனின் படம். அண்ணிக்கு மூன்று தடவை கரு கலைந்திருந்தது. "அவளை அவ வீட்டுக்கே அனுப்பிடுடா, வேற இடம் பாக்கலாம்" என்று அம்மா அண்ணனை அரித்துக்கொண்டிருந்தாள். அண்ணி காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொல்வாள். அண்ணியின் அட்டை போன வாரமே முடிந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை.

நறுக்கி முடித்து எண்ணினாள். நாற்பத்தைந்து. ஐயோ, ஒன்றைத் தொலைத்துவிட்டோமே! மேசைக்கு அடியில் தவழ்ந்தாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள், தன் தலைமுடியைக்கூட உதறிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அடுத்த செல்லின் படத்தை எடுத்து, கத்தரியைத் தொடாமலே எண்ணினாள். அதிலும் நாற்பத்தைந்து. பத்து செல்லிலும் அதேதான்.

பிறகுதான் நிதானமாகப் பார்த்தாள். பதின்மூன்றாம் ஜோடியில் ஒன்றுதான் இருந்தது, பதினான்காம் ஜோடியிலும் ஒன்றுதான். கூடவே முன்பின் பார்த்திராத நெட்டை ஒன்று. இரண்டு உச்சி இடுப்புக்காரர்கள் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டிருந்தார்கள். முக்கியமானது எதுவும் தொலையவில்லை, அதனால்தான் அண்ணன் கல்லுக்குண்டாக இருக்கிறான். பிள்ளைக்குப் பாதி பிரித்துக் கொடுக்கும்போதுதான் கணக்கு குளறுபடியாகிறது. எத்தனை அழகாக ஒட்டியிருக்கிறது என்று வியந்தவள், அப்படி வியந்ததற்காகவே அழுதாள்.

டாக்டர் சரிபார்த்து அண்ணனிடம் சொன்னார். அவன் நேராக இவளிடம் வந்து நின்றான்.

"அம்மாகிட்ட நீயே சொல்லிடேன்."

"அதெல்லாம் முடியாது. இங்க பாத்ததை நான் வெளிய பேசக்கூடாது. நீ வாயத் திறக்கலைன்னா அண்ணி பெட்டியக் கட்டிடுவாங்க. அப்புறம் என் முகத்துலயே முழிக்காதே!"

அன்று சாயங்காலம் வீட்டில், தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மென்று விழுங்கி அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

"கோளாறு அவகிட்ட இல்லம்மா. என்கிட்ட. பொறக்கும்போதே இருக்கு. உங்ககிட்டேருந்தோ அப்பாகிட்டேருந்தோ வந்திருக்கலாமாம்."

அம்மா கத்துவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மகளிடம் சொன்னாள்:

"உனக்கும் அவனுக்கும் நடுவுல எனக்கு மூணு போச்சுடி. உங்கப்பாவுக்கு முதல் ஒண்ணுதான் தெரியும். மத்ததை மூச்சு விடலை. சொன்னா என்னை அனுப்பிடுவாங்கன்னு பயம்."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணி உள்ளே வந்து மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனாவது மாசத்துல போச்சு அத்தை?" என்று கேட்டாள்.