நிறைமாசத் தாடி

பிள்ளைகளா, அம்மாவின் பழைய போனில் இருக்கிற ஒரு படத்தைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அதில் கழுத்தை மறைக்கிற தாடியோடு, கருப்பு வேட்டி கட்டிய ஓர் ஆள் கையில் பார்சல் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஆம்பளை ஸ்வெட்டரும் ஆம்பளைச் செருப்புமாக ஒரு பெரிய வயிற்றுக்காரி. "இது எந்த ஊரு சாமியாரு?" என்று சின்னவன் நேற்றும் கேட்டான். அது அப்பாதான். அந்த வயிற்றுக்குள் இருந்தது பெரியவள். அந்தத் தாடி எப்படி வந்தது, எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்த சமயம் அது. நான் அப்போது குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் ஒரு துண்டுக் கடையில் வேலை பார்த்தேன். வீடு தென்காசியில். இப்போது இருக்கிற வீடு இல்லை. ஒரு அறை, ஒரு அடுக்களை, கக்கூஸ் முற்றத்தைத் தாண்டி வெளியே. நம் ஊர்க் குளிர் ஊட்டிக் குளிர் இல்லை. பகலில் வெயில் அடிக்கும். ஆனால் விடியற்காலம் மலைப் பக்கமிருந்து ஈரத்தோடு இறங்குகிற குளிர் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து நேரே முதுகில் உட்காரும். கடையில் விற்காமல் கிடந்த துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, அந்த இடுக்கில் திணித்து வைத்தேன்.

அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கி அவள் செருப்பு எதுவும் சேரவில்லை, என் செருப்பைத்தான் போட்டாள். அவள் ஸ்வெட்டர் வயிற்றுக்கு மேல் ஏறவில்லை, அதனால் அதுவும் என்னுடையதுதான். சாப்பிட்டால் நெஞ்சு எரியும், சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். அடிக்கடி எழுந்து குளிரில் முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஈரத் தரை வழுக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நான் கூடப் போய் நிற்பேன். இடது பக்கமாகவே படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கட்டில் இருந்த இருப்பில் இடது பக்கம் திரும்பினால் சுவர்தான். "சுவரையே பாத்துக்கிட்டு கெடந்தா பிள்ள செவுரு மாதிரி பொறக்கும்" என்றாள். கட்டிலை இழுத்துத் திருப்பிப் போட்டேன். அப்புறம் அவள் படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இதெல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். எங்களை வாட்டியது வேறொன்று. ஸ்கேன் எடுத்தபோது டாக்டரம்மா, பிள்ளையின் தலை மேலே இருக்கிறது, கீழே திரும்ப வேண்டும், இன்னும் நாள் இருக்கிறது, பெரும்பாலும் திரும்பிவிடும், திரும்பாவிட்டால் ஆப்பரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று பொறுமையாகத்தான் சொன்னார். அம்மாவின் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. ஊசி போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். அன்றிலிருந்து வயிற்றைத் தடவித் தடவி, எங்கே தலை, எங்கே கால் என்று தேடிக்கொண்டே இருந்தாள். சிரிப்பதை விட்டுவிட்டாள்.

துணைக்கு உங்கள் பெரியம்மா சுரண்டையிலிருந்து வந்திருந்தாள். உங்களுக்குத் தெரியும், அவளுக்கு வாய் அதிகம். அம்மா வீட்டு வழக்கப்படி, வளைகாப்பு முடிந்ததிலிருந்து பிள்ளை பிறக்கிற வரைக்கும் புருஷன்காரன் சவரம் செய்யக் கூடாது, சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போகக் கூடாது, மலை ஏறக் கூடாது. வருஷா வருஷம் மாலை போட்டு சபரிமலைக்குப் போகிற நான் அந்த வருஷம் போகவில்லை. பழைய கருப்பு வேட்டிகள் மட்டும் பெட்டியில் கிடந்தன. கனமான துணி, குளிருக்கு நன்றாக இருக்குமே என்று எடுத்துக் கட்டிக்கொண்டேன். அதில் என்ன வரப்போகிறது என்று அப்போது நினைக்கவில்லை.

குற்றாலத்தில் அந்த மாதங்களில் எங்கே பார்த்தாலும் ஐயப்ப சாமிகள்தான். மலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி அருவியில் குளிப்பார்கள். நான் தாடியும் கருப்பு வேட்டியுமாகத் துண்டு விற்றுக்கொண்டு நின்றால் சும்மா விடுவார்களா? "சாமி, இந்தத் துண்டு என்ன வெல சாமி?" என்பார்கள். சிலர் காலைத் தொடக் குனிவார்கள். காலையில் முட்டை சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். பதறிப் பின்னால் போவேன். மாலை போடவில்லை, வீட்டில் மாசமாக இருக்கிறாள் என்று விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

முதலாளி கல்லாவில் இருந்து வேடிக்கை பார்ப்பார். "ஏலே, வெளக்கம் சொல்லாம பேசாம நில்லு. நீ சாமியானதுல இருந்து யாவாரம் நல்லாருக்கு" என்பார்.

விடியற்காலம் அம்மாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். குளிரில் அது இன்னும் மோசம்.

"ஏங்க, பிடிச்சிட்டு."

நான் எழுந்து, நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தபடி அவள் கால் விரல்களை மேல்பக்கமாக மெதுவாக மடக்கிப் பிடிப்பேன்.

"கை ஐஸா இருக்கு."

"விடியக்காலம் கை வேற எப்பிடிட்டி இருக்கும்?"

"உங்களுக்கு என்ன, தாடி மட்டுந்தான."

"அதுவும் அரிக்கத்தான் செய்யுது."

"அப்பம் மாத்திக்கிடுவமா? நான் தாடிய வச்சிக்கிடுதேன்."

அந்த வலியில் கால்வாசியை நான் வாங்கிக்கொள்ள முடியும் என்றால் வாங்கியிருப்பேன். முடிந்ததெல்லாம் காலைப் பிடிப்பதும், கூடவே எழுந்து நடப்பதும், சொறிந்துகொண்டே அந்தத் தாடியைச் சுமப்பதும்தான்.

ஒருநாள் சாயங்காலம் அவளே வாய் திறந்து கேட்டாள். பரோட்டாவும் கோழியும் வேண்டும், செங்கோட்டை ரோட்டில் கல்யாணமான புதிதில் நாங்கள் சாப்பிட்ட கடையிலிருந்துதான் வேண்டும். நாக்குக்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்று கஞ்சியாகக் குடித்துக்கொண்டிருந்தவள் கேட்கிறாள். பெரியம்மாவுக்கு வெளிச் சாப்பாடு பிடிக்காது. ஆனாலும், "வாயத் தொறந்து கேட்டுட்டா. போயிட்டு வாங்க தம்பி" என்றாள். நான் கடை வேலை முடித்து வந்த கோலத்தோடு பைக்கை எடுத்தேன்.

பரோட்டாக் கடைக் கல்லாவில் இருந்த அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாமி, எதுத்தாப்புல சைவக் கடை இருக்கு. அங்கன போங்க."

"பரோட்டாவும் கோழியும் பார்சல் அண்ணாச்சி. நான் மாலை போடல."

"கருப்பு வேட்டி கட்டிருக்கீய, கழுத்து வரைக்கும் தாடி வச்சிருக்கீய. மாலை போடலங்கீய."

"கழுத்தப் பாருங்களேன்."

"கழத்திப் பையில வச்சிட்டு வாரவன் எத்தன பேரப் பாத்துருக்கேன். நீங்க செய்த பாவத்துல என் கடைக்கும் பங்கு குடுக்காதீய."

"வீட்டுல நிறைமாசம் அண்ணாச்சி. அதான் தாடி."

"போன வாரம் வந்தவனும் இதத்தான் சொன்னான்."

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த உண்மையான சாமிகள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். வெறும் கையோடு வீட்டுக்குப் போனால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரிந்தது. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாவில் வைத்தேன்.

மூச்சு வாங்க அம்மாவின் குரல் வந்தது. "அண்ணாச்சி, கோழி எனக்குத்தான். அவருக்கு இல்ல."

"நீ யாரும்மா?"

"அந்தத் தாடிக்காரரு பொண்டாட்டி."

கடை முழுக்கச் சிரிப்பு. அதற்குள் பெரியம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். "அண்ணாச்சி, நான் இவ அக்கா பேசுதேன். நம்பிக்க இல்லன்னா சொல்லுங்க, வீடியோ கால்ல வந்து எந்தங்கச்சி வயித்தக் காட்டுதேன். சால்னா எரிப்பில்லாம குடுங்க, அவளுக்கு நெஞ்செரிச்சல்."

"வேண்டாம் தாயி, வேண்டாம். இப்பமே கட்டச் சொல்லுதேன்" என்று அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். பார்சலைக் கொடுக்கும்போது, "பிள்ள பொறந்ததும் தாடிய எடுத்துட்டு வாங்க சாமி. இங்கனயே உக்கார வச்சுக் கோழி போடுதேன்" என்றார். டீ குடித்த சாமிகளில் ஒருவர் என் பைக் வரைக்கும் வந்து, நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வீட்டுக்கு வந்தபோதும் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோலத்தில் பெரியம்மா எடுத்ததுதான் நீங்கள் பார்க்கிற படம். படம் எடுத்து முடித்ததும் கட்டிலில் இடது பக்கமாகச் சாய்ந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏங்க, கைய வைங்க."

வைத்தேன். போர்வைக்குள் படுத்திருக்கிறவர் புரண்டு படுப்பது போல என் உள்ளங்கைக்கு அடியில் பெரிதாக ஒன்று நகர்ந்தது. அதுவரை உதைதான் தெரியும். இது உதை இல்லை. மூன்று பேரும் வயிற்றையே பார்த்திருந்தோம். "சிரிச்சதுலதான் பெரளுது" என்றாள் அம்மா. பரோட்டாவில் பாதிதான் அவளால் சாப்பிட முடிந்தது, அதற்கே நெஞ்சு எரிந்தது. மீதியை வெளிச் சாப்பாடு ஆகாது என்று சொன்ன பெரியம்மாதான் சாப்பிட்டாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நம்பிக்கையோடு போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளை திரும்பியிருக்கிறது, ஆனால் பாதிதான், குறுக்கே கிடக்கிறது என்றார். வரும்போது ஆட்டோவில் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏட்டி, பாதி வந்த பிள்ள மீதி வராதா?" என்றாள் பெரியம்மா. "அப்பன மாதிரி நிதானமா வருது. விடு."

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா என்னிடம், "இன்னைக்குக் கடைல என்ன நடந்துச்சு, சிரிக்கிற மாதிரி எதாவது சொல்லுங்க" என்றாள். பிள்ளைகளா, உங்கள் அப்பா சிரிக்க வைக்கிற ஆள் இல்லை. நான் ஜோக் சொன்னால் நீங்களே அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஆனால் அன்றிலிருந்து கடையில் நின்றபடியே அன்றன்றைக்கு ஒரு கதை தேடினேன். துண்டு வாங்கிவிட்டு இடுப்பில் கட்டியிருந்ததைத் தொலைத்த சாமி. குரங்கு பிடுங்கிப் போன சிப்ஸ் பாக்கெட்டுக்கு மரத்தைப் பார்த்து நியாயம் கேட்ட ஒரு டூரிஸ்ட் பெண். குளிருக்குப் பயந்து அருவிக்குக் கீழே போகாமல் சாரலில் நின்றே குளித்துவிட்டேன் என்று சொன்ன பெரிய மீசைக்காரர். ஒன்றும் நடக்காத நாளில் நானே கட்டிச் சொன்னேன். கட்டினது எது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். "இது பொய்" என்பாள். பொய் சொல்லி நான் மாட்டிக்கொள்கிற முழியைப் பார்த்து அதற்கும் சிரிப்பாள். பயம் போய்விடவில்லை. ஆனால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளாமல், இன்னும் திரும்பவில்லையே என்று வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நானும், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னேன். ஆப்பரேஷன் என்றாலும் நான் வாசலிலேயே நிற்பேன் என்று சொன்னேன்.

அதற்கடுத்த தடவை டாக்டரம்மா வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "தலை கீழ வந்துட்டும்மா."

"சிரிச்சதுனாலயா டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா.

"அதெல்லாம் இல்ல. அது திரும்புற நேரத்துல திரும்பிருக்கு. ஆனா சிரிங்க, தப்பில்ல."

எனக்கும் எதனால் என்று தெரியாது. பரோட்டாவால் என்று பெரியம்மா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறாள். நீங்கள் டாக்டரம்மா சொன்னதையே நம்புங்கள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் வலி எடுத்தது. பிரசவ அறை வாசலில் இருந்த ஆயாம்மா என்னைப் பார்த்து, "சாமி, நீங்க இங்கன நிக்கக் கூடாது, அங்கன போங்க" என்றாள். இந்த முறை நான் விளக்கம் சொல்லவில்லை. சொன்ன இடத்தில் போய் நின்றேன். கத்தி எதுவும் இல்லாமல் மத்தியானத்துக்குள் பெரியவள் பிறந்தாள்.

உள்ளே விட்டபோது அம்மா சோர்ந்து கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "மாத்திக்கிடுவமான்னு கேட்டேன்லா. நல்லவேள நீங்க சரின்னு சொல்லல. உங்களால முடிஞ்சிருக்காது" என்றாள். நான் தொட்டிலுக்கு மேல் குனிந்தேன். பெரியம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தத் தாடிய வச்சிக்கிட்டுப் பச்சப்பிள்ள மூஞ்சில மூஞ்சிய வச்சிராதீய. குத்தும். மொதல்ல வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வாங்க. பிளாஸ்க்கையும் பழைய சேலத் துணியையும் மறந்துராதீய."

வீட்டுக்கு வந்தேன். கட்டில் நான் திருப்பிப் போட்டபடியே கிடந்தது. பிளாஸ்க்கையும் துணியையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டு, முற்றத்துக் குழாயடியில் சின்னக் கண்ணாடியை மாட்டி, கத்தரிக்கோலால் முதலில் வெட்டி, அப்புறம் சோப்புப் போட்டுச் சவரம் செய்தேன். முடித்துத் தண்ணீர் அடித்ததும் சில்லென்று கன்னத்தில் காற்றுப் பட்டது. அந்த மார்கழி முழுக்க என் கன்னத்துக்கு அந்தக் குளிர் தெரிந்திருக்கவில்லை. முழங்கையின் உள்பக்கத்தைத் திருப்பி, பிள்ளையின் தோல் அளவுக்கு மெல்லிசாக இருக்கிற இடமாகப் பார்த்து, கன்னத்தில் மெதுவாக உரசிப் பார்த்தேன். தாடைக்குக் கீழே ஓரிடத்தில் இன்னும் லேசாகக் குத்தியது. இரண்டாம் தடவையும் சோப்புப் போட்டேன்.