பினாங்குக் கூரையும் சிவகாசி வெயிலும்

ஆறு வீடும் தயார். ஆறு கதவுக்கும் நீலப் பெயின்ட், ஆறு பூட்டு, என் இடுப்பில் ஆறு சாவி. வைகாசி முழுக்க அந்தச் சாவிகள் குலுங்கியதுதான் மிச்சம். ஒரு ஆள்கூடக் குடிவரவில்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. நான் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்து சிவகாசியில் ஒரு மரக்கடையில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாவது. மற்றதெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் வாயைப் பார்த்துக் கற்றதுதான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக இங்கே பழைய வீட்டை வாங்கி, ரிப்பேர் பார்த்து, குடிவைத்துக் கொடுக்கிற வேலை பிற்பாடு எனக்கு முப்பது வருஷம் சோறு போட்டது. கொழும்புக்காரர், ரங்கூன்காரர் என்று பலருக்கும் பார்த்தேன். முதல் ஓனர் பினாங்குக்காரர். முதல் தப்பும் அவர் வீட்டில்தான்.

1. கவரில் வந்த பிளான்

சங்கரலிங்கம் அண்ணாச்சி பினாங்கில் ஒரு பலசரக்குக் கடையில் தராசு பிடிக்கிறவர். போய்ப் பதினான்கு வருஷம். நடுவில் இரண்டு தடவைதான் ஊருக்கு வந்திருக்கிறார். அவர் சம்சாரம் பாக்கியத்தம்மாள், எனக்கு மதினி முறை, மல்லாங்கிணற்றில் தன் தம்பி வீட்டில் இருந்தார். அண்ணாச்சி கடைசியாக வந்தபோது சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற வழியில் ஒரு வரிசை வீட்டைக் காட்டி, இதை வாங்கிப்போடு தம்பி, பழுது பார்த்து வாடகைக்கு விட்டால் நானும் உன் மதினியும் கடைசிக் காலத்தில் ஒரே கூரைக்கடியில் கஞ்சி குடிக்கலாம் என்றார். வாடகை வர ஆரம்பித்ததும் கப்பல் ஏறுவதாகப் பேச்சு. அவர் அனுப்பின பணம் சேர்ந்து அதை வாங்க நாலைந்து வருஷம் ஆகிவிட்டது.

அது வீடாகவா இருந்தது? ஓடு சரிந்து, சுவரில் வேம்பு முளைத்து, ஆறு வீட்டிலும் ஆடு குடியிருந்தது. குருசாமிக் கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “அஸ்திவாரம் நல்லாருக்குவே. மத்ததெல்லாம் அத நம்பித்தான் நின்னுருக்கு” என்றார்.

வேலை நடக்க நடக்க அண்ணாச்சிக்கு எழுதுவேன். அவரிடமிருந்து நீலத்தாளில் ஏர்மெயில் வரும். பாதி நலம் விசாரிப்பு, பாதி பிளான். பென்சிலால் கோடு போட்டு, எங்கே அடுப்பு, எங்கே மாடம் என்று அம்புக்குறி வேறு. ஒரு கடிதத்தில் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார். பின்பக்க முற்றம் ஆறையும் தகரம் போட்டு மூடிவிடவும், சாரல் ஒரு சொட்டு உள்ளே விழக் கூடாது.

பினாங்கில் மத்தியானமானால் மழையாம். எட்டுப் பேர் படுக்கிற அறையில் அவர் பாய்க்கு மேலேதான் ஒழுகுமாம். தன் வீட்டில் இருக்கப்போகிறவர்கள் யாரும் நனையக் கூடாது என்று மனுஷன் அங்கேயே தீர்மானம் பண்ணியிருக்கிறார். படித்ததும் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. நல்ல தகரமாகப் பார்த்து வாங்கி, இடைவெளி இல்லாமல் அடைத்தோம்.

2. “வீடு நல்லாத்தான் இருக்கு”

வீடு பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுக் கம்பெனி, அச்சாபீஸ் என்று ஊர் பெருத்துக்கொண்டிருந்த நேரம். வருவார்கள், சுவரைத் தட்டுவார்கள், கதவைத் தடவுவார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: “வீடு நல்லாத்தான் இருக்கு.” சொல்லிவிட்டுப் போனால் திரும்ப வரமாட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டைப் புகழ்கிறவர் குடிவரமாட்டார். குடிவரப் போகிறவர் குறை சொல்லுவார். கதவு கிரீச்சிடுகிறது, அடுப்படி சின்னது என்று முகத்தைச் சுளித்தால் அவர் மனதுக்குள் சாமான் அடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

எனக்கு அப்போது அது தெரியாது. வாடகையைக் குறைத்தேன். அப்போதும் அதே பேச்சு. நான் மல்லாங்கிணற்றுப் பக்கம் போகிறபோதெல்லாம் மதினி ஒரே கேள்விதான் கேட்பார்: “யாரும் வந்தாகளா தம்பி?” இல்லை என்று சொல்ல வாய் வராது. வருவாக மதினி, வருவாக என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஆனி இருபது வாக்கில் அண்ணாச்சியின் கடிதம் வந்தது. அவர் முதலாளி கடையை மகன் கையில் கொடுக்கிறாராம். மகன் கேட்கிறாராம்: இன்னும் மூன்று வருஷத்துக்கு எழுதிக்கொடுத்து இருக்கிறாயா, கணக்கு முடித்துக்கொண்டு கிளம்புகிறாயா? ஆடி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் ஆள் இருந்தால் கிளம்புகிறேன், இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லை என்று எழுதியிருந்தார். மூன்று வருஷம்! அன்றைக்குக் கடையில் நான் எழுதிய பில் எல்லாமே தப்பு.

3. சீனியம்மா

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்தார். பேர் சீனியம்மா. வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிக் கொடுக்கிறவர். விரல் நகமெல்லாம் பசை, அதில் பூச்சி விழாமல் கலக்கிற மயில்துத்தத்தின் நீலம். மற்றவர்கள் போல சுவரைத் தட்டவில்லை. முன்னறையைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, நேரே பின்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“ஏந்தம்பி, இங்கன வானம் எங்க?”

மழைச்சாரல் விழாமல் இருக்கத் தகரம் போட்டிருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னேன்.

“மழைக்குப் பயந்தா கட்டுனீக? இந்த ஊருலயா?” என்று சிரித்தார். “ஒட்டுன பெட்டிய நான் எங்கன காயப்போடுவேன்? முன்னால போட்டா மரவண்டி ஏறும். புழுதி அப்பும். உள்ள போட்டா ஈரம் காயாது, ஏஜென்ட் எடுக்க மாட்டான். எங்களுக்கு வீடுன்னா வெயிலு விழுற எடம் தம்பி. படுக்கிறதுக்கு எம்புட்டு வேணும்?”

எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. தெருவெல்லாம் சாக்கு விரித்துப் பெட்டி காய்கிற ஊர். அதையெல்லாம் மிதிக்காமல் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போகிறேன். வெயிலை நம்பியே நடக்கிற தொழில் என்று வருகிற வியாபாரியிடமெல்லாம் நானே வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஆறு முற்றத்துக்கு வந்த வெயிலையும் காசு கொடுத்து அடைத்து வைத்திருக்கிறேன்.

இத்தனை பேர் வந்தார்களே, ஒருத்தராவது சொல்லக் கூடாதா என்று கேட்டேன். “புதுசாக் கட்டி வச்சிருக்கீக. மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்ல?” என்றார்.

போகும்போது ஒரு பேச்சு சொல்லிப் போனார். தகரத்தை எடுத்தால் தானும் வருவதாகவும், தன் தெருவில் இன்னும் நாலு குடும்பம் இடம் தேடுவதாகவும். ஆனால் ஆனிக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி வரை காத்திருக்கவும் அவர்களால் முடியாது, வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

ஆனி முடிய ஒன்பது நாள். பினாங்குக்கு எழுதிப் பதில் வர எப்படியும் இரண்டு மூன்று வாரம். அவர் அடிக்கோடு போட்டுச் சொன்னதை அவரைக் கேட்காமல் பிரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏறினேன்.

மதினி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் சீனியம்மா சொன்னது, அண்ணாச்சி எழுதியது, ஆடி வருவது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கையை நிறுத்தாமல் கேட்டார்.

“பத்திரம் யாரு பேர்ல இருக்கு?”

“உங்க பேர்லதான் மதினி.”

“அப்பப் பிரிங்க.”

அவ்வளவுதான். நான் எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலேயே குரல் வந்தது. “அஞ்சு வீட்டத்தான் விடணும். ஆறாவதுல நான் பால் காய்ச்சப் போறேன். அவுக வந்து எறங்குறப்ப தம்பி வீட்டு வாசல்ல நிக்க மாட்டேன்.”

4. போட்ட கையே பிரித்தது

கொத்தனார் விஷயத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். “நான் போட்ட கூரைய நானே பிரிக்கக் கூலி வாங்குறது இதுதான் மொதத் தடவ” என்றார். ஆனால் தொழில் தெரிந்த வேலைக்காரர். தகரம் முழுவதையும் எடுக்க விடவில்லை. சுவரோரமாக மூன்று முழத்துக்குச் சாய்ப்பாக நிறுத்தினார். திடீரென்று தூறல் விழுந்தால் பெட்டிகளை அதற்கடியில் இழுத்துக்கொள்ளலாம். மிச்சத்தைப் பழைய சாமான் விலைக்கு விற்றோம்.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் ஆறு அடுப்பிலும் பால் பொங்கியது. சீனியம்மா முதல் வேலையாக, அடுப்படி சின்னது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். எனக்கு அதைவிட இனிப்பான பேச்சு அன்றைக்கு இல்லை.

அண்ணாச்சிக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பதிலில் நலம் விசாரிப்பு இல்லை. யாரைக் கேட்டுத் தகரத்தைத் தொட்டாய் என்று ஒரே வரி. பத்திரத்துக்காரரைக் கேட்டுத்தான் என்று எழுதிப் போட்டேன். அடுத்த கடிதத்தில் கப்பல் பேர் வந்தது.

கடைக் கணக்கை முடித்துக்கொண்டு, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலேறி, தை மாதத்தில் ஒரு முற்பகல் வந்து சேர்ந்தார். ஸ்டேஷனிலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். வழியெல்லாம் தகரத்தைப் பற்றியே பேசினார். வரிசையாக ஆறு வீட்டுப் பின்பக்கமும் பார்க்காமல் உட்காரமாட்டேன் என்றார். மதினி வீட்டுக்குள் பெட்டியும் கையுமாக நுழைந்து, நேரே முற்றத்தில் காலை வைக்கப் போனார். மதினி அங்கே குனிந்து உட்கார்ந்திருந்தார். சீனியம்மாவிடம் பழகி அவரும் தீப்பெட்டி ஒட்ட ஆரம்பித்திருந்தார். முற்றம் முழுக்க அடிப்பெட்டி, மேல்பெட்டி.

ஆறு வருஷம் கழித்து வந்த புருஷனை மதினி நிமிர்ந்து பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: “பாத்து, பெட்டிய மிதிச்சிராதீக.”

அண்ணாச்சி தூக்கின காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக்காலில் நின்றார். நான் டிரங்குப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். மதினி எழுந்து, வரிசைக்கு நடுவில் நாலு பெட்டியை ஒதுக்கி, ஒரு பாதம் வைக்கிற அளவுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தகரத்தைப் பற்றி அண்ணாச்சி பேசி நான் கேட்டதில்லை.

தூரத்தில் இருக்கிற ஓனர் தன் குறையை வைத்து வீட்டை நினைக்கிறார். அதில் தப்பில்லை, அது அவர் பட்டது. அவர் சொல்வதை அப்படியே செய்வதுதான் விசுவாசம் என்று நான் இருந்தேனே, அதுதான் தப்பு. பிற்பாடு எந்த ஊரிலிருந்து பிளான் வந்தாலும் கொத்தனாரிடம் போவதற்கு முன்னால் அந்தத் தெருவுக்குப் போய் நாலு பெண்களிடம் கேட்பேன்: காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டில் என்ன வேலை செய்வீக? அவர்கள் சொல்லுவதை எழுதி ஓனருக்கு அனுப்பின பிறகுதான் ஒரு செங்கலை நகர்த்துவேன்.